பழைய நம்பர்

சேகர் அண்ணா, "கிர்ர்ர்" என்று அந்த மோடம் கத்துவது இன்னும் என் காதிலேயே இருக்கிறது.

புதுப்பட்டினத்தில் எங்கள் வீட்டுக்கு இன்டர்நெட்டைக் கொண்டுவந்தது என் அண்ணன் சேகர்தான். யாரோ கழித்துப்போட்ட கம்ப்யூட்டரை வாங்கிவந்து, டெலிபோன் ஒயரை ஒரு கறுப்பு மோடம் பெட்டியில் சொருகினான். அது கம்பெனி நம்பருக்கு டயல் செய்து ஓடும்போது போனில் பேச முடியாது. "திருப்பியும் கத்த வுட்டியா? உங்க அத்த போன் பண்ணா இன்னா பண்றது?" என்று திட்டுகிற அம்மாதான், ஆயுதபூஜையன்று அதற்கும் குங்குமம் வைத்தாள்.

அண்ணன் கப்பல் வேலைக்கு எழுதிப்போட்டிருந்தான். இன்டர்வியூ தேதி மெயிலில் வரும். அந்த மெயில் விலாசம் எங்கள் பழைய இன்டர்நெட் கம்பெனி கொடுத்தது. அந்த லைன் நகரவே நகராது என்று வேறு கம்பெனியின் இன்டர்நெட் கார்டு ஒன்றையும் வாங்கி வைத்திருந்தான். ஆனாலும் சர்டிபிகேட் வாங்கச் செங்கல்பட்டுக்குக் கிளம்பும்போது, "மெயில் வர்ற வரைக்கும் பழைய நம்பர்மேல கை வெச்ச, கொன்னுடுவேன்" என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் போனான்.

எனக்குப் பதினோரு வயசு. அவன் வருவதற்குள் நானே மாற்றிவைத்தால் அசந்துபோவான் என்று நினைத்து, பழைய நம்பர், பெயர், பாஸ்வேர்டு எல்லாவற்றையும் அழித்துவிட்டு, கார்டைச் சுரண்டி அதிலிருந்த புதியதை அடித்தேன். ஒரே தடவையில் லைன் கிடைத்தது. குதித்தேன்.

மெயிலைத் திறக்கவும் அந்தப் பழைய பாஸ்வேர்டுதான்; அது வேறெங்கும் எழுதிவைக்கப்படவில்லை. "இன்னாடி பண்ணி வெச்சிக்கீற" என்று ஊரிலிருந்து திரும்பிய அண்ணன் அப்படியே தரையில் உட்கார்ந்தான். அலைந்து திரிந்து அதைத் திரும்ப வாங்குவதற்குள் இன்டர்வியூ முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. அம்மா கத்தியபோது, "நான்தாம்மா தப்பா அழுத்திட்டேன், வுடு" என்றான். அதன்பிறகு மாமல்லபுரத்தில் டூரிஸ்ட் வேன் ஓட்டினான். ஒரு நாளும் என்னிடம் சொல்லிக்காட்டவில்லை; அவன் செல்போனை நான் எடுத்தால் மட்டும், "பாஸ்வேர்டு சொல்ல மாட்டேன், போடி" என்று சிரிப்பான்.

போன மாசம் ஈசிஆர் ரோட்டில் நடந்த விபத்தில் அந்த வேனோடு போய்விட்டான்.

இப்போது யாரும் நம்பர் போட்டு இன்டர்நெட்டுக்குக் காத்திருப்பதில்லை. அந்தக் கம்பெனி இல்லை, அந்த மெயில் விலாசமும் இல்லை. மோடம் மட்டும் காய்ந்த குங்குமத்தோடு பரணில் கிடக்கிறது. அழுத்தியது நான் என்று அம்மாவுக்கு இன்றுவரை தெரியாது. இதை எழுதி முடித்ததும் போய்ச் சொல்லப்போகிறேன். படிக்கிற நீங்கள், எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் சரி, எங்கள் சேகர் அண்ணனுக்காக ஒரு நிமிஷம் வேண்டிக்கொள்ளுங்கள்.