வாயைக் கட்டிய கோடை

எங்கள் மலையில் குழந்தைக்கு வயிற்றால் போனால் முதலில் அதன் வாயைக் கட்டுவார்கள். துணியால் கட்டுவதில்லை, சோறு தண்ணீர் கொடுக்காமல் போட்டுவைப்பதற்கு அப்படிப் பெயர். உள்ளே போனால்தானே வெளியே வரும் என்பது கணக்கு. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஒன்பது வயதில் எனக்கும் அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

அந்த வருஷம் புதூர்நாட்டுப் பக்கம் கோடை மழை ஏமாற்றிவிட்டது. ஊருக்குக் கீழே இருந்த ஊற்று வற்றி, ஓர் அண்டா அகலக் குழியாகச் சுருங்கிப்போனது. மாடும் அதில்தான் வாய் வைத்தது, நாங்களும் அதில்தான் மொண்டோம். கலங்கிய தண்ணீரை அம்மாவின் பழைய சேலைத் துணியில் வடிகட்டிவிட்டால் சுத்தமாகிவிட்டது என்று நம்பினோம். சித்திரை பிறந்ததும் வீட்டுக்கு ஒரு பிள்ளையாகப் படுக்க ஆரம்பித்தது. அப்பாவும் சித்தப்பாவும் புளி உலுக்க இரண்டு மலை தாண்டிப் போயிருந்தார்கள். வீட்டில் நானும் அம்மாவும் மூன்று வயதுத் தம்பியும். ஒட்டினாற்போல் இருந்த அடுத்த வீட்டில் சித்தியும், அவளுடைய ஒன்றரை வயதுப் பாப்பாவும்.

முதலில் தம்பி விழுந்தான். இரண்டாம் நாள் அவனால் எழுந்து உட்கார முடியவில்லை. கண் குழிக்குள் போய், கிழவனைப் போல என்னைப் பார்த்தான். மந்திரித்த கயிறு வாங்கிவர அம்மா பக்கத்து ஊர்ப் பூசாரியிடம் கிளம்பினாள். வாசலில் நின்று என்னிடம் சொன்னாள்:

"தண்ணி கேப்பான். இன்னா அழுதாலும் குடுக்காத. குடுத்தா கொடலே கழண்டு பூடும், தெரிதா?"

தெரிந்தது என்று தலையாட்டினேன். அவள் புளியந்தோப்பைத் தாண்டுவதற்குள் அவன் ஆரம்பித்துவிட்டான். "க்கா, தண்ணி. கொஞ்சூண்டு க்கா." அதட்டிப் பார்த்தேன். பாட்டுப் பாடிப் பார்த்தேன். ஓணான் பிடித்துத் தருகிறேன் என்றேன். ஓணான் என்றால் உயிரையே விடுகிறவன், அன்று திரும்பியும் பார்க்கவில்லை. உதடு வெடித்திருந்தது, நாக்கால் அதை நக்கப் பார்த்தான், நாக்கிலும் ஈரம் இல்லை. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை.

அடுப்போரம் காலையில் காய்ச்சிய சாமைக் கஞ்சி இருந்தது, உப்புப் போட்டது. மேலே தெளிவாக நின்றது. அம்மா தண்ணீர் கொடுக்காதே என்றுதானே சொன்னாள், இது தண்ணீர் இல்லையே என்று வக்கீல் மாதிரி எனக்கு நானே வாதாடி ஜெயித்தேன். கொட்டாங்குச்சியில் மொண்டு வாயில் விட்டேன். குடித்தான். சற்று நேரத்தில் கழிந்தான். குடல் வந்திருக்கிறதா என்று குனிந்து பார்த்தேன். அவன் மறுபடி கேட்டான், மறுபடி கொடுத்தேன். வெயில் இறங்கும்வரை இதே வேலை. பானை காலியானதும்தான் பயம் முழுசாக என்னைப் பிடித்தது. தம்பியைக் கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். காளியம்மா, இந்த ஒரு தடவை காப்பாத்து, இனிமேல் சத்தியமாக யாருக்கும் கொடுக்கமாட்டேன் என்று நெற்றி தரையில் பட விழுந்து கும்பிட்டேன்.

அம்மா வந்து அவன் கையில் கறுப்புக் கயிற்றைக் கட்டினாள். கஞ்சி எங்கே என்றாள். நானே குடித்துவிட்டேன் என்று சொல்லி முதுகில் இரண்டு வாங்கிக்கொண்டேன். மறுநாள் காலையில் தம்பி எழுந்து உட்கார்ந்து, ஓணான் எங்கே என்று கேட்டான். அம்மா பூசாரி இருந்த திசையைப் பார்த்துக் கை கூப்பினாள். நான் அவளைவிட அதிகமாகக் கும்பிட்டேன். நான் செய்த பாதகத்தையும் மீறிக் காப்பாற்றிய கயிறு அல்லவா!

பிற்பாடு எனக்குக் கல்யாணமாகி இடுப்பில் ஒரு பிள்ளையும் ஆன பிறகு, ஜீப்பில் வந்த நர்ஸம்மா ஒருவர் பள்ளிக்கூடத்தில் எங்களையெல்லாம் உட்காரவைத்து, ஒரு சொம்பு காய்ச்சி ஆறிய தண்ணீரில் சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் போட்டுக் கலக்கிக் காட்டினார். "வயித்தால போற புள்ளைக்கித் தண்ணிதாம்மா மருந்து. போவப் போவக் குடுத்துனே இருக்கணும். சர்க்கர இல்லன்னா கஞ்சித் தெளிவுல உப்பு போட்டுக் குடுங்க. அழுவும்போது கண்ணுல தண்ணி வரலன்னா மட்டும் காத்துனு இருக்காதீங்க, தூக்கினு ஆஸ்பத்திரிக்கி ஓடியாங்க" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் பாதியில் எழுந்து வெளியே போய்விட்டேன். பிள்ளைக்குப் பசி என்று நினைத்திருப்பார்கள்.

அந்தக் கோடையில், தம்பி தேறிய மூன்றாம் நாள் பாப்பாவுக்கு ஆரம்பித்தது. சித்தி ஓடிவந்து, "யக்கா, அந்தக் கயித்தக் குடு க்கா, உன் புள்ளதான் எழுந்துட்டானே" என்று அழுதாள். அம்மா உடனே தம்பி கையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். பாப்பாவின் கை அவ்வளவு சிறியது, கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினார்கள்.

மறுநாள் துணி அலசவும் தண்ணீர் மொள்ளவும் சித்தி ஊற்றுக்குப் போகவேண்டியிருந்தது. ஒரு குடம் ஊறி நிறைய அரை நாள் ஆகிற காலம் அது. பாப்பாவை என் மடியில் போட்டாள். "நல்லாப் பாத்துக்கோ கண்ணு. தண்ணி மட்டும் குடுத்துடாத" என்றாள்.

பாப்பாவுக்குப் பேச்சு வரவில்லை. தண்ணீர்ப் பானையைப் பார்த்துக் கையை நீட்டினாள், அவ்வளவுதான். நான் அவள் முகத்தை இந்தப் பக்கம் திருப்பிவைத்தேன். மறுபடி அந்தப் பக்கமே திரும்பினாள். பிறகு அழுதாள். சத்தம் வந்ததே தவிரக் கண்ணில் ஒரு பொட்டுக் கண்ணீர் இல்லை. பொய் அழுகை என்று நினைத்துக்கொண்டேன். எனக்கும் கை பரபரத்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஒரு தடவை பானை வரை போய் மூடியைக்கூட எடுத்துவிட்டேன். காளியம்மாவிடம் செய்த சத்தியம் நினைவுக்கு வந்தது. மூடிவிட்டு வந்து அவளைத் தட்டிக்கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில் கை நீட்டுவதை நிறுத்திவிட்டாள். சித்தி குடத்தோடு வந்தபோது, "தூங்கிட்டா சித்தி" என்றேன்.

மாலையில் ஊர் கூடிவிட்டது. கயிறு கட்டியும் பிள்ளை போய்விட்டதே என்று ஆளாளுக்குக் காரணம் தேடினார்கள். கூட்டத்தில் ஒருவர், "யாராச்சும் தண்ணி கிண்ணி குடுத்தீங்களா?" என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மாவும் பார்த்தாள்.

தரையில் கிடந்த சித்தி எழுந்து உட்கார்ந்தாள். "அந்தப் புள்ளய ஒண்ணும் கேக்காதீங்க. நான் வெச்சிட்டுப் போன தண்ணி வெச்ச மாதிரியே இருந்துது. ஒரு சொட்டு குடுக்கல அது" என்று சொல்லி என்னை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை என்று யாரோ சொன்னார்கள்.

அத்தனை அழுகைக்கு நடுவிலும் எனக்குப் பெருமையாக இருந்தது.