அக்குளில் ஒரு சதுரம்

மலேசியாவில், சிம்பாங் ரெங்கத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஒரு வருடத்துக்கும் மேலாக யாரும் சாப்பிடவில்லை. மேசை முழுக்க இரும்பு வளையங்கள். நானும் என் கணவரும் தட்டை மடியில் வைத்து, டிவி முன்னால் சாப்பிட்டுப் பழகிவிட்டோம்.

எல்லாம் என்னால் வந்ததுதான். ஜொகூர் பாருவில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு சிறு கூட்டம் பழைய ஐரோப்பியப் போர்வீரர்களைப் போல உடுத்திக்கொண்டு, மழுங்கிய வாள்களால் சண்டை பழகும். வேடிக்கை பார்க்கப் போன நான் அவர்களில் ஒருத்தி ஆகிவிட்டேன். சிலர் அணிந்திருந்த இரும்பு வளையச் சட்டையைப் பார்த்ததும் எனக்கும் ஒன்று வேண்டியிருந்தது. நாமே செய்யலாம் என்றார் கணவர்.

கம்பியைத் தடியில் சுற்றி வெட்டி, வளையத்தின் இரு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றித் தட்டையாக்கித் துளையிடுவது அவர் வேலை. அதை நான்கு வளையங்களுக்குள் கோத்து, துளையில் எறும்பளவு ரிவெட் ஆணியைச் செருகி, குறடால் நசுக்கி மூடுவது என் வேலை. சரியாக மூடினால் டக்கென்று ஒரு சின்னச் சத்தம் வரும். அந்தச் சத்தத்துக்காகவே இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று உட்கார்ந்திருப்பேன்.

சட்டையின் இரண்டாவது கையையும் இணைத்து முடித்த அன்று, பஞ்சு வைத்துத் தைத்த உள்சட்டைக்கு மேல் அதைத் தலைவழியே போட்டுக்கொண்டேன். சரசரவென்று முதுகில் இறங்கியது. தோள் கனத்தது. கண்ணாடியில் என்னைப் பார்க்க எனக்கே பிடித்திருந்தது.

"வாள ஓங்கு, பாப்போம்," என்றார்.

ஓங்கினேன். கை தோளுக்கு மேல் போகவில்லை. மொத்தச் சட்டையும் இடுப்பிலிருந்து ஏறிக் கழுத்தை இறுக்கியது.

"அலமாக். கொஞ்சம் சாஞ்சு தூக்கிப் பாரு."

"சாஞ்சாலும் இதேதான். கையத் தூக்காம எப்படிங்க சண்ட போடுறது?"

"கீழயே போடு லா," என்றார். முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு நானும் சிரித்துவிட்டேன். ஆனாலும் சட்டையை மடித்து அலமாரியில் வைத்தபோது மனது கனத்தது.

நான் குளுவாங்கில் ஓர் அலுவலகத்தில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமைகளில் எல்லோரையும் போல நானும் மலாய்ப் பெண்களின் நீளச் சட்டையும் பாவாடையுமான பாஜு குரோங் அணிவேன். அடுத்த வெள்ளி, மேல்தட்டிலிருந்த ஒரு பெட்டியை எடுக்கக் கையை உயர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டேன். கை முழுதாக மேலே போயிருந்தது. சட்டை அசையவே இல்லை.

"என்ன, தோள் புடிச்சுக்கிச்சா?" என்று பக்கத்து மேசை மலாய் அக்கா மலாயில் கேட்டார்.

"இல்லக்கா. சட்ட ஏன் மேல ஏறல?"

அவர் தன் கையைத் தூக்கி அக்குளைக் காட்டினார். அங்கே உடலுக்கும் கைக்கும் நடுவே ஒரு சிறு சதுரத் துணி, மூலைவாட்டில் தைக்கப்பட்டிருந்தது. "இதான் கெக்கெக். இது இல்லாம தச்சா அது பாஜு குரோங்கே இல்ல," என்றார். இத்தனை வருடம் உடுத்தியிருக்கிறேன், ஒரு நாளும் அதை நான் கவனித்ததில்லை.

வீட்டுக்கு வந்ததும் கணவரிடம் என் அக்குளைக் காட்டினேன். அந்தச் சதுரத்தைத் தடவிப் பார்த்துவிட்டு எழுந்து போய்க் கம்பி வெட்டும் கத்தரியைக் கொண்டுவந்தார். ரிவெட் அடித்த வளையத்தைத் திறக்க முடியாது, வெட்டித்தான் ஆக வேண்டும்.

"நீயே வெட்டு. நான் வெட்டினா அப்புறம் என்னைத் திட்டுவ," என்றார்.

அக்குளைச் சுற்றியிருந்த வளையங்களை ஒவ்வொன்றாக வெட்டினேன். பிறகு இரண்டு சிறு சதுரங்கள் பின்னி, அக்குளில் மூலைவாட்டில் வைத்து, மறுபடி டக் டக்கென்று மூடினேன்.

அடுத்த வார ஞாயிறு நடந்த முதல் சண்டையில் எனக்கு எதிரே ஒரு சீன ஆசிரியர், என்னைவிட ஒரு தலை உயரம். வாளைத் தலைக்கு மேல் ஓங்கினேன். சட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. அடி அவர் தலைக்கவசத்தில் டங்கென்று விழுந்தது. அவரே வாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கைதட்டினார். அடுத்த சண்டையில் ஒல்லியான ஒரு பெண் என்னை மூச்சு விடுவதற்குள் தோற்கடித்தாள். அதற்கும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

திரும்பும் வழியில் நெடுஞ்சாலை முழுக்க நான்தான் பேசிக்கொண்டு வந்தேன். கணவர் இடையிடையே "ம்" என்றார். எங்கள் ஊருக்குத் திரும்பும் இடத்தை இருவருமே கவனிக்காமல் தாண்டிப் போய்விட்டோம்.