ஐந்தரை மணித்தியாலம்

அண்ணர் எத்தனை மணிக்கு இறந்தார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. காலை எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு நான் அச்சுவேலியில் பஸ் ஏறியபோது உயிரோடு இருந்தார். பிற்பகல் மூன்று முப்பத்தைந்துக்கு வீடு திரும்பியபோது, கணினி மேசைக்கு முன்னால், கண்ணாடி மூக்கில் இருந்தபடியே கதிரையில் சாய்ந்திருந்தார். கரண்ட் இல்லை. மின்விசிறியும் கணினியும் நின்றிருந்தன. மாரடைப்பு என்று சொன்ன வைத்தியரிடம் நேரத்தைக் கேட்டேன்.

"காலமையாயும் இருக்கலாம், மத்தியானமாயும் இருக்கலாம். அதுக்கு மேலை நான் சொன்னால் பொய்."

அன்று பகல் பன்னிரண்டு ஐம்பத்தாறுக்குத் திதி மாறியிருந்தது. அதற்கு முன் போயிருந்தால் தசமி, பின் என்றால் ஏகாதசி. வருடா வருடம் அவருக்குப் படைக்கும் நாள் அதைப் பொறுத்தது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகத்தின் திதி வெண்பாவும் அதைப் பொறுத்தது. இறந்தவரின் ஆண்டையும் மாதத்தையும் திதியையும் நான்கு அடிக்குள் சொல்லும் அந்த வெண்பாவை ஊரில் பலருக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஒருமுறை பட்சம் பிழையாகிப்போனதை இரவு உணர்ந்து, விடிந்ததும் அச்சகத்தின் கதவைத் தட்டித் திருத்தியிருக்கிறேன். இப்போது என் அண்ணரின் வெண்பாவில் ஒரு சீர் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

ஐயர் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "நேரம் தெரியாட்டில் கண்ட நேரத்தை எடுங்கோ. ஏகாதசி எண்டு போடுங்கோ" என்றார்.

செத்தவீட்டுக்கு வந்து நின்ற தங்கை ஒப்பவில்லை. "நீங்கள் வெளிக்கிட்ட கையோட போயிருப்பார், சின்னண்ணை. அடுப்பிலை சோறு கூட வைக்கேல்லைத்தானே. தசமிதான். நீங்கள் நிண்டிருந்தாலும் ஒண்டும் செய்திருக்கேலாது."

அவள் அதைத் திதிக்காகச் சொல்லவில்லை, எனக்காகச் சொன்னாள். நான் அதைப் பிடித்துக்கொண்டேன். ஆனால் ஊகத்தில் திதி எழுத எனக்குக் கை வரவில்லை. நேரம் எங்கேயிருக்கிறது என்றும் எனக்குத் தெரியும். அண்ணர் கணினியில் எதை எழுதினாலும் இரண்டு வரிக்கு ஒருமுறை சேமிப்பார். கடைசியாகச் சேமித்த கோப்பு எதுவோ, அதன்மேல் நேரம் இருக்கும்.

எங்கள் இருவருக்கும் ஒரே கணினி. அதற்குள் இரண்டு இயங்குதளங்கள். என்னுடையது எல்லாக் கடைகளிலும் போட்டுத் தருவது, அவருடையது லினக்ஸ். பொத்தானை அமுக்கினால் கறுப்புத் திரையில் இரண்டு வரி வரும், பத்து விநாடிக்குள் ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். அவருடைய பக்கத்துக்குள் நான் போனதில்லை. ஒரே ஒரு சச்சரவு இருந்தது. அவர் பாவித்துவிட்டுப் போன பிறகு நான் என் பக்கத்தைத் திறந்தால் மணி ஐந்தரை மணித்தியாலம் பிந்திக் காட்டும். அவருடைய பக்கம் பெட்டிக்குள் இருக்கும் மணிக்கூட்டில் கிரீன்விச் நேரத்தை எழுதிவைக்கும், என்னுடையது அதை எங்கள் நேரம் என்று நம்பிவிடும். நேரத்தோடு சீவிக்கும் எனக்கு அது முள்ளாகக் குத்தும்.

"அண்ணை, திரும்பவும் என்ரை மணியைக் கெடுத்துப்போட்டியள்."

"கெடுக்கேல்லையடா. உனக்கு ஐஞ்சரை மணித்தியாலம் சும்மா தந்திருக்கிறன். வேண்டாமெண்டால் திருப்பித் தா."

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் கணினியைப் போட்டேன். தேவையில்லாமல் என் பக்கத்துக்குள்தான் முதலில் போனேன், துணிவு வரட்டும் என்று. ஏதோ புதுப்பிப்பு ஓடத் தொடங்கியது. அது முடிந்து கணினி தானாக நின்று திரும்ப எழும்பியபோது அந்த இரண்டு வரித் திரை வரவில்லை. நேரே என் பக்கம் வந்து நின்றது. அண்ணரின் பக்கம் இருந்த சுவடே இல்லை.

அன்றிலிருந்து, அண்ணர் போன பதினேழாம் நாள்வரை நான் செய்தவை எல்லாம் குறிப்பேட்டில் இருக்கின்றன. கைபேசியில் தேடி வாசித்தேன். ஒருவர் எழுதியதை இன்னொருவர் மறுத்திருந்தார். விசைப்பலகையின் மேல்வரிசையில் ஒவ்வொரு பொத்தானாக அமுக்கினேன். நீலத் திரை வந்தது, எது முதலில் எழும்ப வேண்டும் என்ற ஒழுங்கை மாற்றினேன், பழையபடி வந்தது. பதினான்கு முயற்சி. ஒவ்வொன்றுக்கும் தொடங்கிய நேரம், முடிந்த நேரம், கண்டது என்ன. பதினான்காவதற்கு எதிரே "கறுப்புத் திரை. மூலையில் ஒரு கோடு மின்னுகிறது. வேறொன்றுமில்லை" என்று எழுதியிருக்கிறேன். இப்போது என் பக்கமும் போய்விட்டது. கல்வெட்டுக்குத் தொகுத்த வம்சாவளி, படங்கள் எல்லாம் அதற்குள். அச்சகம் இருபத்துநான்காம் நாள் கேட்டிருந்தது. நான் மேசையில் தலையை வைத்துக்கொண்டேன். செத்தவீட்டில் அழாதவன் அப்போது அழுதேன்.

மறுநாள் பக்கத்துக் கணினிக் கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "போர்மட் அடிச்சாச் சரி. பின்னேரம் வாங்கோ" என்றார். அடித்தால் உள்ளே இருப்பது என்னவாகும் என்று கேட்டேன். "எல்லாம் போகும். ஆனால் நல்ல வேகமாயிருக்கும்." பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

பத்தொன்பதாம் நாள், கணினிப் பெட்டியைத் துவாயால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு, வல்லைவெளிக் காற்றில் நெல்லியடிக்குப் போனேன். அங்கே கணினி திருத்தும் கடை வைத்திருந்தவருக்கு நாற்பது வயதிருக்கும். நான் முயற்சிகளின் பட்டியலை நீட்டினேன். அவர் முழுவதையும் வாசித்தார்.

"ஐயா, வருத்தக்காரர் இப்பிடி எழுதிக்கொண்டு போனால் டொக்டர்மாரே பயந்திடுவினம்." பிறகு பெட்டியைத் தட்டினார். "ஒரு வளவுக்குள்ளை ரெண்டு பேரைக் குடிவைச்சால் உப்பிடித்தான். ஒரு நாளைக்கு ஒருத்தர் வேலியைத் தள்ளிப் போட்டிடுவார்."

"அண்ணற்றை பக்கம் அழிஞ்சிட்டுதோ?"

"வீடு அழியேல்லை, படலைதான் அடைபட்டிருக்கு. வேறை வழியாலை உள்ளுக்குப் போய்ப் பாப்பம்."

ஒரு பென் டிரைவைச் செருகினார். கணினி அதிலிருந்தே எழும்பியது. அண்ணரின் கோப்புகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நின்றன. எதைத் தேடுகிறேன் என்று சொன்னேன். அவர் பகிடியை விட்டுவிட்டு, நேரப்படி அடுக்கி, மேலே இருந்த கோப்பில் விரலை வைத்தார். அன்றைய நாள். காலை 7.48.

7.48! நான் கதிரையில் இருந்துவிட்டேன். அப்படியானால் தங்கை சொன்னதே சரி. நான் போன கையோடு போய்விட்டார். தசமி. நான் நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. பத்தொன்பது நாட்களில் முதல் தடவையாக மூச்சு ஒழுங்காக வந்தது. கடைக்காரர் நீட்டிய தேநீரைக் குடித்தேன்.

எழுதிவைப்போம் என்று குறிப்பேட்டைத் திறந்து அந்த நாளின் பக்கத்தைப் புரட்டினேன். என் கையெழுத்தில் இருந்தது: "7.40 வெளிக்கிட்டேன். 7.50 அண்ணர் பின்னாலேயே வந்து, மறந்த குடையைப் பஸ் தரிப்பில் தந்தார். 8.05 பஸ்."

7.48க்கு அவர் குடையோடு தெருவில் என் பின்னால் வந்துகொண்டிருந்தார். மேசையில் இருந்திருக்க முடியாது.

"உந்த மணி பிழை" என்றேன்.

கடைக்காரர் திரையின் மூலையைப் பார்த்தார். சுவர் மணிக்கூட்டைப் பார்த்தார். "ஓம் ஐயா, மன்னிக்க வேணும். இந்தப் பென் டிரைவுக்கு எங்கடை நாடு தெரியாது. கிரீன்விச் நேரத்தையே காட்டுது. ஐஞ்சரையைக் கூட்டுங்கோ."

அவர் சொல்வதற்கு முன்பே கூட்டிவிட்டேன். பிற்பகல் ஒன்று பதினெட்டு.

கோப்பைத் திறக்கச் சொன்னேன். நான் தொகுத்துக்கொண்டிருந்த வேறொருவருடைய கல்வெட்டுக்கு அண்ணர் எழுதிய பிழைதிருத்தம். பக்கம் ஆறில் ஓர் ஆண்டு, பக்கம் எட்டில் ஒரு முதலெழுத்து. கடைசி வரி: "பக்கம் 9, மூத்த மருமகனின் ஊர் — தம்பி வந்தவுடன் கேட்க வேண்டும்."

அந்தக் கல்வெட்டுக்காகத்தான் நான் அன்று வட்டுக்கோட்டைக்குப் போயிருந்தேன், ஒரு வீட்டிலிருந்த பழைய குறிப்பேட்டில் ஒரு கலியாணத்தின் ஆண்டைத் தேடி. பன்னிரண்டு நாற்பதுக்கு வந்து நானே உலை வைப்பேன் என்று அண்ணரிடம் சொல்லியிருந்தேன். அடுப்பில் சோறு இல்லாததற்குக் காரணம் அதுதான். அவர் என் வரவைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

கடைக்காரர் இரண்டு மணித்தியாலம் மினக்கெட்டு இரண்டு பக்கத்தையும் மீட்டுத் தந்தார். அந்த இரண்டு வரித் திரை திரும்பவும் வந்தது. பத்து, ஒன்பது, எட்டு என்று எண்ணிக்கொண்டு இறங்கியது. நன்றி சொன்னேனா என்பது நினைவில்லை. குறிப்பேட்டிலும் இல்லை.

வீட்டில் தங்கை பஞ்சாங்கத்தோடு இருந்தாள்.

"என்ன, பாத்தியளே?"

"ஏகாதசி."

"ஐயர் முதலே அதைத்தானே சொன்னவர். இதுக்கோ பெட்டியைக் காவிக்கொண்டு திரிஞ்சியள்?" என்றவள், சற்றுப் பொறுத்து, "எத்தினை மணிமட்டும் இருந்தவராம்?" என்றாள்.

"ஒண்டு பதினெட்டுக்கு எழுதிக்கொண்டு இருந்திருக்கிறார்."

"ஒண்டு பதினெட்டோ? அப்ப நீங்கள் அண்டைக்குப் பன்னிரண்டு நாப்பதுக்கு..." என்று தொடங்கினாள். மற்றதைச் சொல்லவில்லை. பஞ்சாங்கத்தை மூடினாள். "முகத்தைக் கழுவிக்கொண்டு வாங்கோ, தேத்தண்ணி போடுறன்" என்று சொல்லி உள்ளே போனாள். அதன் பிறகு, நான் நின்றிருந்தாலும் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை.

அன்று பின்னேரம் வெண்பாவின் வெறுமையான சீரை நிரப்பினேன். தளை தட்டவில்லை. கல்வெட்டில் மணியும் நிமிடமும் போடும் வழக்கம் இல்லை. அதனால் அது அங்கே இல்லை. குறிப்பேட்டில் மட்டும், அந்த நாளின் பக்கத்தில், கிடைத்த இடத்தில் எழுதினேன்: "1.18 வரை இருந்தார்."

அதற்கு மேலே, வட்டுக்கோட்டையில் இருந்து எழுதிய வரி இருந்தது. மை வேறு, கை ஒன்று.

"11.20 பஸ்ஸை விட்டுவிட்டேன். இன்னும் நாற்பது பக்கம் இருக்கிறது. அவசரம் ஒன்றுமில்லை."