கெஞ்சாத ஆங்கிலம்

பல்கலைக்கழகத்தில் நான் எழுதிய முதல் ஆங்கிலக் கட்டுரை, 'மிகத் தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்கிறேன்' என்றுதான் தொடங்கியது. வட்டவளைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்து வரிசை வீட்டுச் சனங்களுக்காக, நிர்வாகியான துரைக்கு மனு எழுதி எழுதிப் பழகிய ஆங்கிலம் அது. விரிவுரையாளர் ஓரத்தில் சிவப்பு மையால் கேட்டிருந்தார்: "யாரிடம் கெஞ்சுகிறாய்? கருத்தைச் சொல், காரணத்தைக் காட்டு."

வெட்கப்படக்கூடத் தோன்றவில்லை, எனக்குத் தலைகால் புரியவில்லை. அட, ஆங்கிலத்தில் இப்படியும் எழுதலாமா! அன்றே உட்கார்ந்து கும்பிடுகளையெல்லாம் வெட்டித் தள்ளினேன். கட்டுரை பாதியாகிப்போனது. வாசிக்க வாசிக்க அப்படியொரு உற்சாகம்!

விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. துரைக்கு மனு எழுதச் சொன்னார் அப்பா. ஒரே மூச்சில் ஆங்கிலத்தில் எழுதி, தமிழில் சொல்லிக் காட்டினேன்: "கூரை ஒழுகுது. புள்ளைங்க நனையுதுங்க. தகரத்த மாத்துங்க."

"கும்புடுறேன் சாமின்னு ஒண்ணும் போடலியா?"

"இல்லீங்கப்பா."

"தொரை கோவிச்சுக்க மாட்டாரா?"

"காரணம் சொல்லியிருக்கேங்கப்பா."

அப்பா ஒழுகும் தகரத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு தன் வாயால் மெல்லச் சொல்லிப் பார்த்தார்: "கூரை ஒழுகுது. தகரத்த மாத்துங்க."

இரண்டாம் தடவை அவர் சொன்னது பக்கத்து வீட்டுக் காம்பராவுக்கும் கேட்டது.