எவாரிஸ்தோவுக்குப் பாராட்டு விழா

பாய்சாண்டு ஊரில் எவாரிஸ்தோவைத் தெரியாத கால்பந்து ரசிகர் கிடையாது. முப்பது வருஷமாக சான் எலாயோ கிளப்பின் ஒரு ஆட்டத்தைக்கூட விடாமல் மேளம் அடித்தவர். பாராட்டு விழாவுக்கு மகள் நிதியாவையும் வற்புறுத்தி அழைத்து வந்திருந்தார்.

கிளப் தலைவர் மைக்கைப் பிடித்தார். "பொண்டாட்டிய அடக்கம் பண்ணுன அன்னைக்குக்கூட மனுஷன் ஆட்டத்துக்கு வந்துட்டாருய்யா!"

அரங்கமே எழுந்து நின்று கைதட்டியது. எவாரிஸ்தோவும் சிரித்தபடி கையை உயர்த்தினார்.

"அம்மாவ குழியில எறக்குறதப் பாக்க முடியலன்னுதானேப்பா பாதியில எழுந்து போனீங்க?" என்றாள் நிதியா. பதினொரு வருஷமாக அவள் அப்படித்தான் நம்பியிருந்தாள்.

"ரெண்டாவது பாதிக்குத்தாம்மா போனேன்" என்றார் அவர்.

அவள் பையை எடுத்துக்கொண்டு வெளியேறினாள். பின்னாலேயே போகத்தான் நினைத்தார். அதற்குள் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டார்கள். மேடைக்குப் போனார்.