நெட்டா டூகிட்டும் பெயரில்லாத இடுக்கும்

1966 மே 14: ரப்பர் அடி வைத்த காலணி, பழையது. 1 பவுண்டு 5 ஷில்லிங்.
1967 மார்ச் 4: பனிக் கோடரி, ஏலத்தில். 2 பவுண்டு.
1967 நவம்பர் 18: காலணியில் கட்டும் இரும்புப் பற்கள். 4 பவுண்டு 10 ஷில்லிங்.
1969 ஜனவரி 11: நைலான் கயிறு, பாதிப் பங்கு. 3 பவுண்டு.
1971 டிசம்பர் 4: வளைந்த அலகுள்ள பனிச் சுத்தியல். 7 பவுண்டு 50 பென்ஸ்.

எங்கள் மலையேற்றக் குழுவின் பெயரில் வாங்கினால் கடையில் தள்ளுபடி உண்டு என்பதால் இவையெல்லாம் செயலாளரான என் கை வழியாகவே போயின. வாங்கியவர் நெட்டா டூகிட். ஸ்காட்லாந்தின் அபர்தீன் துறைமுகத்தில் மீன் வெட்டும் கொட்டகையில் ஏழாம் மேஜையில் நின்று வேலை செய்தவர். முதலில் வந்தபோது வயது முப்பத்தேழு.

வந்தது தற்செயலாகத்தான். குழுவின் பேருந்தில் ஓர் இடம் காலியாக இருந்தது, எங்கள் உறுப்பினரான அவர் பக்கத்து வீட்டுக்காரிக்குக் காய்ச்சல். அன்று கருங்கல் பாறையில் கயிறு கட்டி ஒரு சிறிய ஏற்றம் ஏற்றிவிட்டோம். இறங்கி வந்ததும் உப்பு ரொட்டியைக் கடித்துக்கொண்டு பாறையையே பார்த்துக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை மாலை என் அலுவலக வாசலில் நின்று, "அந்தச் செருப்பு என்ன விலை?" என்று கேட்டார்.

இரண்டு கோடைகள் பாறையோடு போயின. பிறகு குளிர்காலத்திலும் வர ஆரம்பித்தார். கொட்டகையில் அதைப் பெரிய வேடிக்கையாக்கினார்கள்.

"ஏண்டி, நாள் முழுக்க ஐஸ்ல கைய விட்டுக்கிட்டு நிக்கிறது பத்தலையா? லீவு நாள்ல காசு குடுத்து வேற போய் ஐஸைத் தொடணுமா?" என்பாள் மேஜைக்கு எதிரே நின்ற மரியன்.

"இது நாறாத ஐஸ்டி," என்பார் நெட்டா.

கிரேக் லாகன் என்ற மலைமுகப்பின் நடுவே ஓர் இடுக்கு உண்டு. கடுங்குளிரில் அது மேலிருந்து கீழ்வரை பனிக்கட்டியாகும். உச்சிக்குக் கொஞ்சம் கீழே பானை வயிறுபோல ஒரு பிதுக்கம். அதைத் தாண்டியவர் யாருமில்லை. ஆகவே அதற்குப் பெயருமில்லை, 'அந்த இடுக்கு' என்றுதான் சொல்வோம். முதலில் முறையாக ஏறியவருக்கே பெயர் வைக்கும் உரிமை. வைத்த பெயர் எங்கள் இதழில் அச்சாகும், பிறகு வழிகாட்டிப் புத்தகத்துக்கும் போகும். முறை என்பது ஒன்றுதான். கீழிருந்து மேல்வரை சொந்தக் கைகால் பலத்தில் ஏற வேண்டும். கயிற்றிலோ அறைந்த கோடரியிலோ உடம்பைத் தொங்கவிட்டு இளைப்பாறினால் அது கணக்கில் சேராது. மேற்பார்க்க யாரும் கிடையாது. ஏறியவர் சொல்வதை எழுதிக்கொள்வேன்.

நெட்டாவுக்கு அந்த இடுக்கு வேண்டும் என்று ஆகிவிட்டது. மரியன்தான் முதலில் சொன்னாளாம்: "ஏறினா எங்க மேஜை பேரை வை. ஏழாம் மேஜை. எங்க பேரெல்லாம் வேற எந்தப் புத்தகத்துல வரப்போகுது?" கேலியாகத் தொடங்கியது, போகப் போகக் கேலி குறைந்தது. ஒவ்வொரு சனிக்கிழமைக்குப் பிறகும் மேஜையில் எல்லோரும் கேட்டார்கள்.

1972 பிப்ரவரி 19 அன்று நெட்டாவும் ரோரி மில்னும் ஏறினார்கள். ரோரி பேருந்து நடத்துநர், நெட்டாவைவிடப் பத்து வயது இளையவன், அந்தக் கயிற்றின் மறுபாதிக்குச் சொந்தக்காரன். மாலையில் மலைக்குடிசையில் நாங்கள் தேநீர் போட்டுக்கொண்டிருக்கும்போது கதவை உதைத்துத் திறந்து ரோரி வந்தான்.

"எழுதுங்க சார், எழுதுங்க! ஏழாம் மேஜை! முன்னால ஏறினது நெட்டா, பின்னால ஏறினது நான்!"

எல்லோரும் கத்தினார்கள். யாரோ விஸ்கியைத் திறந்தார்கள். நெட்டா பின்னால் வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, காலணிக் கயிற்றை அவிழ்க்க முடியாமல் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பேனாவை எடுத்தேன்.

"செயலாளரே, பிதுக்கத்துல தொங்கினேன்," என்றார்.

"என்னது?"

"கை செத்துப் போச்சு. இடுப்புப் பட்டைய கோடரியில மாட்டி தொங்கினேன். ஒரு நிமிஷம் இருக்கும். அப்புறம் ஏறினேன்."

ரோரி அவர் எதிரே குனிந்தான்.

"நான் கீழ நின்னேன், எனக்கே தெரியல. அவ்வளவு மூடுபனி. யாரு பாத்தா? சொல்லு, யாரு பாத்தா?"

"கோடரி பாத்துச்சு."

"கோடரி வந்து சாட்சி சொல்லுமா? ஒரு நிமிஷம்! ஒரே நிமிஷம்! என் பேரும் அதுல இருக்கு, நெட்டா."

"தெரியும்டா. இந்த காலணியை கழட்டி விடு, விரல் வளைய மாட்டேங்குது."

அவன் கழற்றிவிட்டான். திட்டிக்கொண்டே கழற்றினான். நான் பேனாவை மூடினேன்.

அடுத்த ஆண்டே திரும்பப் போய் முடித்துவிடலாம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஆனால் பனிக்கட்டியும் மீனைப்போலச் சீக்கிரம் கெட்டுப்போகும் சரக்கு. வாரம் முழுக்க உறைந்திருக்கும், வெள்ளிக்கிழமை வெதுவெதுப்பான மேற்குக் காற்று வீசும், சனிக்கிழமை காலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர்ந்தால் இடுக்கில் கறுப்புத் தண்ணீர் ஓடும். பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். நன்றாக உறைந்த வாரங்களில் கொட்டகையில் மீன் குவிந்து, சனிக்கிழமையும் வேலைக்கு நிற்கச் சொல்வார்கள். ரோரி இரண்டு குளிர்காலம் கூட வந்தான். பிறகு கல்யாணம், குழந்தை, ஓட்டுநர் பதவி, தொப்பை. நெட்டா கிடைத்த ஆளோடு போனார். வலது தோள் போய்க்கொண்டிருந்தது. மீன் கத்தியால் போனதா கோடரியால் போனதா என்று மருத்துவருக்கும் தெரியவில்லை. திரும்பி வரும் பேருந்தில் ஏறியதும் தூங்கிவிடுவார், ஊர் வந்ததும் எழுப்புவோம். "இன்னிக்கும் தண்ணிதான்," என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டு இறங்கிப் போவார்.

1978 தொடக்கத்தில் எடின்பரோவிலிருந்து இரண்டு மாணவர்கள் எங்கள் கூட்டத்துக்கு வந்தார்கள். அந்த இடுக்கு இன்னும் காலியா என்று கேட்டார்கள். காலிதான் என்றேன். பிதுக்கம் எப்படி என்று கேட்டார்கள். நான் நெட்டாவைக் காட்டினேன். அவர் மேஜைமேல் தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

"இடது பக்கம் போகாதீங்க. அங்க ஐஸ் குழைஞ்ச கஞ்சி மாதிரி இருக்கும், கோடரி நிக்காது. வலது ஓரம் கெட்டியா இருக்கும். கீழயே கைய உதறிட்டு ஏறுங்க. நடுவுல நின்னீங்க, செத்தீங்க."

அன்று ரோரியும் வந்திருந்தான். மாணவர்கள் போனதும், "உனக்கு மூளை இருக்கா? எல்லாத்தையும் அள்ளிக் குடுத்துட்டியே," என்றான்.

"கேட்டாங்கல்ல."

"கேட்டா?"

"கேட்டப்புறம் தப்பா சொல்லி விழ வைக்கவா? போடா, தூக்கம் வருது."

பிப்ரவரி 18 அன்று அவர்கள் தொங்காமல் ஏறினார்கள். எனக்குத் தொலைபேசியில் சொன்னார்கள். வைத்த பெயர் 'ஈரக் காலுறை'. அன்று ஒருவனுடைய காலுறை ஓடையில் நனைந்துவிட்டதாம். அப்படியே அச்சிட்டேன். முறை அதுதான்.

கொட்டகைக்குப் போய் நானே நெட்டாவிடம் சொன்னேன். மேஜையில் கத்திகள் நின்றுவிட்டன.

"ஈரக் காலுறையா? ஆறு வருஷமா நாங்க காத்துக்கிட்டிருந்தது காலுறைக்கா?" என்றாள் மரியன்.

நெட்டா சிரித்தார். பிறகு அடுத்த மீனை எடுத்தார். "இனிமே போக வேண்டியதில்லைல்ல," என்றேன். அவர் அந்த மீனை வெட்டத் தொடங்கினார்.

அதற்கடுத்த குளிர்காலம் பல ஆண்டுகளில் காணாத குளிர். மார்ச் முதல் வாரத்தில் நெட்டாவிடமிருந்து இந்தக் கடிதம் வந்தது. மீன் வாடை இருந்தது.

"செயலாளரே, சனிக்கிழமை ரோரியை இழுத்துக்கிட்டு போனேன். ஈரக் காலுறை முழுசும் ஏறியாச்சு. பிதுக்கத்துல கை செத்துப் போச்சு, அழுதுட்டேன், ஆனா தொங்கல. இந்த தடவை மூடுபனி இல்ல, ரோரி கீழேருந்து பாத்தான். பாத்துக்கிட்டே திட்டினான். இதை எழுத உங்க கிட்ட இடம் கிடையாதுன்னு தெரியும். மேஜைல சொல்லிட்டேன். மரியன் நம்பல, ரோரியை கூட்டிட்டு வந்து சொல்ல வெச்சேன். அடுத்த மாசம் தோளுக்கு ஆபரேஷன். இனிமே ஏற முடியாதுன்னுட்டாங்க. கோடரி, சுத்தியல் ரெண்டையும் குழு ஏலத்துல போட்டுடுங்க. கயிறு ரோரிக்கு. நெட்டா."

இரண்டாவதாக ஏறியவர்களின் பெயரை எங்கள் இதழ் அச்சிடுவதில்லை. அவரிடமிருந்து அதன் பிறகு கடிதம் வரவில்லை. இது வந்த தேதி 1979 மார்ச் 6, செவ்வாய்க்கிழமை.