சூசைமேரி நாக்கை வளைத்த கதை

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா என்று சூசைமேரியின் முகத்துக்கு நேராகச் சொன்னவன் நான்தான். அப்போது அவளுக்கு நாற்பத்து மூன்று வயது. கிருஷ்ணகிரி மிஷன் ஆஸ்பத்திரியில் அவள் நர்ஸ், நான் கம்பவுண்டர். பதினெட்டு வருடமாக ஒன்றாக வேலை பார்ப்பவர்கள் என்பதால் இப்படிப் பேச எனக்கு உரிமை உண்டு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"உங்க வேலயப் பாருங்க கம்பவுண்டரே. என் நாக்கு எங்கிட்டதான இருக்குது? வளையுதா இல்லியான்னு நான் பாத்துக்கறேன்" என்றாள்.

விஷயம் இதுதான். 1967-ஆம் வருடக் கடைசியில், இந்தோனேசியாவின் மேடான் நகரிலிருந்து கன்னியர் மடத்து மதர் ஒருவர் வந்திருந்தார். அங்கே அவர்கள் நடத்தும் ஆஸ்பத்திரியின் பிரசவ வார்டுக்கு அனுபவமுள்ள நர்ஸ் ஒருத்தி வேண்டும். சூசைமேரி முதல் ஆளாகக் கையைத் தூக்கினாள். கணவன் இறந்து பத்து வருடம், பிள்ளை குட்டி கிடையாது. மீதி ஆயுசையும் இதே நான்கு சுவருக்குள் கழிக்க மாட்டேன் என்று முடிவு கட்டியிருந்தாள். மதர் ஒரு சின்னப் புத்தகத்தைக் கொடுத்து, மூன்று மாதத்தில் திரும்பி வந்து அவள் பேசுவதைக் கேட்பதாகச் சொல்லிவிட்டு பெங்களூர் போய்விட்டார்.

சூசைமேரிக்குப் பாஷை படிக்க ஒரே ஒரு வழிதான் தெரியும். சின்ன வயதில் பூசைக்கான லத்தீன் பதில்களை ஒரு வார்த்தைகூட அர்த்தம் தெரியாமல், ராகத்தை வைத்தே மனப்பாடம் செய்தவள். கோயிலில் மாதா பிரார்த்தனையை முன்னின்று சொல்பவளும் அவள்தான். இந்தோனேசிய மொழியையும் அப்படியே உருப்போட்டாள். நான் மருந்து கலக்கும்போது பக்கத்து அறையிலிருந்து கேட்கும். "எங்கே வலிக்கிறது?", "தண்ணீர் வேண்டுமா?" எல்லாமே கடைசி எழுத்தில் இழுத்து, தாழ்ந்து, ஓய்ந்தன.

மூன்று மாதம் கழித்து மதர் வந்தார். தானே கட்டிலில் படுத்துக்கொண்டு, "நான்தான் நோயாளி, கேள்" என்றார். சூசைமேரி கேட்டாள். இரண்டு கேள்விக்குள் மதர் எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"வார்த்தை எல்லாம் சரி. ஆனால் எனக்குக் கடைசி ஜெபம் சொல்கிறாய் என்று நினைத்துவிட்டேன். பிள்ளை பெற வந்தவள் பயத்திலேயே செத்துப்போவாள்."

ஆகஸ்டில் இன்னொரு முறை வருவதாகவும், அதற்குள் சரியாகாவிட்டால் பெங்களூரில் பார்த்து வைத்திருக்கும் சின்னப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போவதாகவும் சொன்னார். நான் சிரித்துவிட்டேன். அந்தப் பழமொழியையும் அன்றைக்குத்தான் எடுத்துவிட்டேன்.

ஏப்ரலில் ஒரு பெண் கை கிழிந்து வந்தாள். பெயர் செல்லி, வயது பத்தொன்பது. மாங்காய் மண்டியில் கூடை கட்டுகிறவள், ஆணி கிழித்திருந்தது. டிங்சர் பட்டதும், "அடூ, சாகித்!" என்று அலறினாள். சாகித் என்றால் அந்தப் பாஷையில் வலிக்கிறது. சூசைமேரியின் கையிலிருந்த பஞ்சு கீழே விழுந்தது.

செல்லி மேடானிலேயே பிறந்து வளர்ந்தவள். தாய் இறந்தபின் தகப்பனோடு குருபரப்பள்ளிப் பக்கம் சொந்தக்காரர்களிடம் வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அவள் தமிழைக் கேட்டு மண்டியே சிரித்ததால் வாயைத் திறப்பதையே விட்டிருந்தாள். சொல்லிக்கொடு என்று சூசைமேரி கெஞ்சியதும் அவள் போட்டது ஒரே நிபந்தனை.

"உக்காந்து பாடம் சொல்ல எனக்கு வராது நர்சம்மா. மண்டிக்கு வாங்க. வேல செய்யும்போது நான் பேசிட்டே இருப்பேன். நீங்க பின்னாலயே சொல்லிட்டு வாங்க."

அப்படித்தான் நடந்தது. டியூட்டி முடிந்ததும் சூசைமேரி மண்டியில் போய் உட்கார்ந்து மாங்காய் பொறுக்குவாள். செல்லி வெயிலைப் பற்றி, மேஸ்திரியைப் பற்றி, பழைய ஊர் மீன் சந்தையைப் பற்றி அந்தப் பாஷையிலேயே ஓயாமல் பேசுவாள். அரை மூச்சு பின்னால் சூசைமேரி அதையே சொல்லிக்கொண்டு போவாள். கை ஓடுகிற வேகத்தில் ராகம் இழுக்க நேரமே இல்லை. இழுத்தால் செல்லி அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுவாள்.

"சாகித்துன்னு கடைசில ஊதாதீங்க. நாக்க மேல ஒட்டி வெச்சு அங்கியே விட்டுடுங்க" என்பாள். 'இல்லை' என்பதற்கு அவர்கள் சொல்லும் தீடாக் என்ற சொல்லுக்கு, "விக்கல் வரதுக்கு முன்னால தொண்ட அடைக்குமே, அங்க நிறுத்துங்க" என்பாள். இவள் நாளெல்லாம் தொண்டையை அடைத்து அடைத்துப் பழகியதில், நிஜமாகவே விக்கல் என்று நினைத்து நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

மண்டியில் எடை போடும் நாகம்மா, "ரெண்டுக்கும் பித்து புடிச்சிருச்சி" என்றாள். மழை வந்தாலும் காய்ச்சல் வந்தாலும் சூசைமேரி போகாமல் இருக்கவில்லை. மாங்காய்ப் பால் பட்டு விரலெல்லாம் வெந்திருந்தது. அந்த விரல்களைப் பார்த்த அன்றைக்கு எனக்கு வெட்கமாக இருந்தது.

ஆகஸ்டில் மதர் வந்தார். இந்த முறை கட்டிலில் படுக்கவில்லை. பஸ், மழை, சாப்பாடு என்று ஏதேதோ கேட்டார். சூசைமேரி பதில் சொன்னாள், எதிர்க்கேள்வி கேட்டாள், நடுவில் மதரைச் சிரிக்க வைத்தாள். கால் மணி நேரம் கழித்து மதர் எங்களைப் பார்த்து, "இவள் மேடானில் யார் வீட்டில் தங்கியிருந்தாள்?" என்று கேட்டார். ஆர்டர் அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது.

சூசைமேரி மண்டிக்கு ஓடினாள், நானும் கூடப் போனேன். செய்தியைக் கேட்டு செல்லி முதலில் குதித்தாள். அப்புறம் கூடையைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தாள்.

"இனி நான் யார்கிட்ட பேசுவேன் நர்சம்மா?"

எங்கள் யாருக்கும் அந்த யோசனையே வந்திருக்கவில்லை. சூசைமேரி அவளைக் கட்டிக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கடைசியில் செல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டு, கூடப் பிறந்த அக்கா ஒருத்தி உள்ளூர்க்காரரைக் கட்டிக்கொண்டு மேடானிலேயே இருப்பதைச் சொன்னாள். எழுத்து அறியாதவள், இரண்டு வருடமாக ஒரு தகவலும் இல்லை. "போய்ப் பாருங்க. நான் நல்லா இருக்கறேன்னு சொல்லுங்க" என்று தெரு அடையாளம் சொன்னாள்.

அடுத்த வருடம் பொங்கல் முடிந்து கடிதம் வந்தது. செல்லிக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. மண்டி வாசலில் நின்று நான்தான் படித்தேன்.

"அன்புள்ள செல்லி, முதல் பிரசவம் சுகமாக ஆயிற்று. வந்தவள் பயப்படவில்லை. ஞாயிற்றுக்கிழமை உன் அக்கா வீட்டைத் தேடிப் போனேன். கதவு சாத்தியிருந்தது. வெளியே நின்று, அக்கா, வீட்டில் இருக்கிறாயா என்று நீ பேசுகிற மாதிரியே அவர்கள் பாஷையில் கேட்டேன். உள்ளேயிருந்து செல்லி, செல்லி என்று கத்திக்கொண்டு உன் அக்கா ஓடி வந்தாள்."

செல்லி கூடை மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னொரு வாட்டி படிங்க சார்" என்றாள்.

படித்தேன்.